சிறிய மரவேலைக் கூடத்துக்கு எத்தனை ஆம்பியர் மின்இணைப்பு தேவைப்படும்?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் பின்புறம் தனியாக ஒரு மரவேலைக் கூடம் கட்டிக்கொண்டிருக்கிறேன். சுவர் எழும்பிவிட்டது. தரை போடுவதற்கு முன்பே கேபிளுக்கான குழாயைப் பதித்துவிட வேண்டும் என்பதால், மின்இணைப்பின் அளவை இந்த வாரத்துக்குள் முடிவு செய்தாக வேண்டிய நிலையில் இருக்கிறேன். வீட்டு மீட்டர்ப் பலகையிலிருந்து கூடத்தின் உள்சுவர் வரை கேபிள் செல்லும் வழியை நாடா பிடித்து அளந்ததில் 35 மீட்டர் வருகிறது. மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். தற்போது இருப்பது ஒருமுனை (சிங்கிள் ஃபேஸ்) இணைப்பு. விண்ணப்பித்தால் மும்முனை (த்ரீ ஃபேஸ்) இணைப்பும் கிடைக்கும்.

என்னிடம் 3 எச்.பி. (குதிரைத்திறன்) டேபிள் சா (மேசை ரம்பம்), 1.5 எச்.பி. பட்டை ரம்பம், 2 எச்.பி. தூசி உறிஞ்சி, 2 எச்.பி. கம்ப்ரஸர் ஆகியவை இருக்கின்றன. எல்லாமே ஒருமுனை மோட்டார்கள். 3 எச்.பி. இழைப்பு எந்திரம் ஒன்றை இனிமேல்தான் வாங்க வேண்டும். கையில் பிடித்து வேலை செய்யும் ரவுட்டர் 1600 வாட், சாண்டர் 300 வாட், விளக்குகளும் மின்விசிறிகளும் சேர்ந்து சுமார் 400 வாட். மோட்டார்கள் மொத்தம் 11.5 எச்.பி.; ஒரு எச்.பி.க்கு 746 வாட் என்று பெருக்கினால் 8,579 வாட். மற்றவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ 10.9 கிலோவாட், அதை 230ஆல் வகுத்தால் 47 ஆம்பியர்.

வந்து பார்த்த மின்பணியாளர்கள் இருவரில் ஒருவர், "வேலை செய்யப்போவது நீங்கள் ஒருவர்தானே, 32 ஆம்பியரே போதும்" என்கிறார். மற்றவர் 63 ஆம்பியருக்குக் குறைந்தால் பின்னால் வருந்துவீர்கள் என்கிறார். இருவருமே பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள். யார் கணக்கு சரி, கேபிள் எந்த அளவில் இருக்க வேண்டும், எம்.சி.பி. (சுமை மிகுந்தால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) எந்த வகையில் இருக்க வேண்டும் என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

முதல் பதில் (மின்பணி செய்பவர்):

உங்கள் கூட்டலில் ஒரு திருத்தம் இருக்கிறது, ஐயா. மோட்டாரின் மேல் எழுதியிருக்கும் எச்.பி. என்பது அதன் தண்டில் கிடைக்கும் வேலைத்திறன். மின்கம்பியிலிருந்து அது இழுக்கும் திறன் அன்று. ஒருமுனை மோட்டாரில் உள்ளே போகும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வெப்பமாகவே போய்விடும். திறன் காரணி (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் அளவில் உண்மையான திறனாகும் பங்கு) ஒன்றுக்குக் கீழே இருப்பதால் மின்னோட்டம் இன்னும் கொஞ்சம் கூடும். ஆகவே 3 எச்.பி. ஒருமுனை மோட்டார் முழுச்சுமையில் சுமார் 15 ஆம்பியர் எடுக்கும், 2 எச்.பி. மோட்டார் 10, 1.5 எச்.பி. மோட்டார் 8. இப்படிக் கூட்டினால் உங்கள் 47 ஆம்பியர் 68க்கு அருகில் போய் நிற்கும். இவை பொதுவான மதிப்புகள்தாம். ஒவ்வொரு மோட்டாரின் மேலும் பொருத்தியிருக்கும் விவரத் தகட்டில் (நேம் பிளேட்) ஆம்பியர் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும்; கணக்குக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பர அட்டையில் உள்ள எச்.பி.யை நம்ப வேண்டாம். 10 ஆம்பியர் பிளக்கில் ஓடும் தூசி உறிஞ்சியின் மேல் 5 எச்.பி. என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்பது 2.3 கிலோவாட், 5 எச்.பி. என்பதோ 3.7 கிலோவாட். உள்ளே போவதைவிட அதிகமாக வெளியே வர வழியில்லை.

அதே சமயம் அந்த 68 ஆம்பியரும் உங்கள் தேவை ஆகாது. இணைப்பின் அளவை நிர்ணயிப்பது எந்திரங்களின் பட்டியல் அன்று. அவற்றில் எவை ஒரே நேரத்தில் ஓடும் என்பதுதான். ஒரு மனிதர் டேபிள் சா ரம்பத்தில் பலகை தள்ளும்போது இழைப்பு எந்திரம் நின்றுகொண்டிருக்கும். ஆனால் தூசி உறிஞ்சி கட்டாயம் ஓடும், விளக்கு எரியும். கம்ப்ரஸரை நீங்கள் தொடாவிட்டாலும், தொட்டியில் அழுத்தம் குறைந்த நேரத்தில் அது தானாகவே எழுந்துகொள்ளும். அந்த நேரம் எது என்பது உங்கள் கையில் இல்லை. எனவே ரம்பத்துக்கு 15, தூசி உறிஞ்சிக்கு 10, கம்ப்ரஸருக்கு 10, விளக்கு, விசிறிக்கு 2 என்று 37 ஆம்பியரை உங்கள் மோசமான நிமிடமாகக் கொள்ளுங்கள். உதவியாளர் ஒருவர் ரவுட்டர் பிடித்தால் 44.

இந்த இடத்தில்தான் 32 ஆம்பியர் சொன்னவரின் கணக்கு இடறுகிறது. எம்.சி.பி. தன் அளவைத் தாண்டிய அந்தக் கணமே விழுந்துவிடுவதில்லை. அளவைப் போல் 1.13 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு விழக்கூடாது, 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பது அதற்கான தர அளவு. 37 ஆம்பியர் என்பது 32இன் 1.16 மடங்கு. எல்லைக்குச் சற்று மேலே நிற்கும் இந்தச் சுமையில் காலையில் எல்லாம் நன்றாகவே ஓடும். பெட்டி சூடேறிய பிற்பகலில், நீளமான பலகை பாதி அறுபட்டு நிற்கும்போது விழும். ஒருமுனையிலேயே தொடர்வதாக இருந்தால் 50 ஆம்பியர் என்பதே என் கணிப்பு.

அடுத்தது கேபிள். மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் முழுச்சுமையைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். உங்கள் ரம்பத்துக்கு ஆறு மடங்கு என்று வைத்தால் 90 ஆம்பியர். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் 22 ஆம்பியரையும் சேர்த்தால் 112. போக 35, வர 35 என 70 மீட்டர் செம்புக் கம்பியில், சூடேறிய நிலையில், 6 சதுர மி.மீ. கேபிளின் மின்தடை ஏறத்தாழ 0.26 ஓம். அதாவது ரம்பம் கிளம்பும்போது கம்பியிலேயே 29 வோல்ட் போய், மோட்டாருக்கு 201 வோல்ட்தான் கிடைக்கும். கிளம்பும் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், 201 வோல்ட்டில் அது முக்கால் பங்காகிவிடும். மாலையில் வீட்டுக்கு வரும் மின்னழுத்தமே 210 ஆக இறங்கும் இடமாக இருந்தால் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும். 10 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 17 வோல்ட்டாகவும், 16 போட்டால் 11 வோல்ட்டாகவும் குறையும். திறன் காரணியைக் கணக்கில் சேர்த்தால் இவை சற்று மாறும், முடிவு மாறாது. வெறும் 37 ஆம்பியரைத் தாங்குமா என்று மட்டும் பார்த்து 6 சதுர மி.மீ. போட்டுவிட்டுப் பிறகு வருந்துபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இவ்வளவு தூரத்துக்கு 16 போடுங்கள்.

எம்.சி.பி.யின் வகைக்கும் இதே 90 ஆம்பியர்தான் விடை. சி வகை தன் அளவின் 5 முதல் 10 மடங்குக்குள் ஏதோ ஓர் இடத்தில் உடனே விழும். சி 16 என்றால் 80 ஆம்பியரிலிருந்தே விழ வாய்ப்புண்டு. ரம்பம் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அது நடக்கலாம். சி 20 என்றால் 100 ஆம்பியர் வரை தாங்கும். டி வகை 16 என்றால் 160 வரை. ரம்பத்துக்குத் தனியாக 4 சதுர மி.மீ. வயரில் சி 20 போதும். எம்.சி.பி. காப்பது வயரைத்தான், மோட்டாரைக் காப்பது அதன் ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலே. இதை மறந்து, எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதை மட்டும் பெரிதாக்கி வயரை அப்படியே விட்டுவிடுவதைப் போல் ஆபத்தான காரியம் இந்தத் தொழிலில் வேறில்லை.

இரண்டாம் பதில் (மோட்டார் காயில் கட்டுபவர்):

முன்னவர் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மும்முனை கிடைக்கும் என்று நீங்களே எழுதியிருக்கும்போது, ஒருமுனைக்காக இவ்வளவு பருத்த கேபிளை ஏன் இழுக்க வேண்டும் என்பதே என் கேள்வி. அதே 3 எச்.பி. மோட்டார் 400 வோல்ட் மும்முனையில் ஒவ்வொரு முனையிலும் 5 ஆம்பியர்கூட எடுக்காது. கிளம்பும்போது 30 ஆம்பியர். உங்கள் ரம்பம், உறிஞ்சி, கம்ப்ரஸர் மூன்றும் மும்முனையாக இருந்தால் சேர்ந்து ஓடும்போது முனைக்கு 12 ஆம்பியர்தான் வரும். 6 சதுர மி.மீ. கேபிளிலேயே மின்னழுத்த இழப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே நிற்கும்.

என் மேசைக்குப் பழுதாகி வரும் மரவேலை மோட்டார்களில் ஒருமுனையே மிகுதி. காரணம் திறந்தவுடன் தெரிந்துவிடும். கிளம்பும் நேரத்துக்கு மட்டும் வேலை செய்து விலக வேண்டிய ஸ்டார்டிங் காயில், விலகாமல் ஓடிக் கறுத்துக் கிடக்கும். முக்கியக் காயில் பக்கத்திலேயே புதிது போலச் செம்பு நிறத்தில் இருக்கும். மின்னழுத்தம் குறைந்து மோட்டார் வேகம் எடுக்க நேரமானாலும், அந்தக் காயிலை விலக்கிவிடும் சென்ட்ரிபியூகல் சுவிட்சின் முனையில் மரத்தூள் ஒட்டி அது திறக்காமல் போனாலும் விளைவு ஒன்றுதான். மும்முனை மோட்டாரில் ஸ்டார்டிங் காயிலும் இல்லை, கெப்பாசிட்டரும் இல்லை, அந்தச் சுவிட்சும் இல்லை.

ஆனால் மும்முனைக்கு அதற்கே உரிய கவனம் வேண்டும். ஒரு முனை அறுந்து இரண்டில் மட்டும் ஓடினால் மோட்டார் சில நிமிடங்களில் கருகிவிடும். ஆகவே முனை இழப்பைக் கண்டு துண்டிக்கும் ரிலே இல்லாமல் எந்த எந்திரத்தையும் இணைக்காதீர்கள். மூன்றில் எந்த இரண்டு கம்பியை மாற்றினாலும் சுழற்சி எதிர்த்திசையாகிவிடும். ரம்பத்தின் அலகைப் பிடிக்கும் நட்டின் மறை, சரியான திசையில் சுழலும்போது இறுகுவதற்கென்றே வெட்டப்பட்டது. எதிர்த்திசையில் கிளம்பினால் அது தளரக்கூடும். எனவே முதன்முறை இணைக்கும்போது அலகைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு நொடி மட்டும் தட்டித் திசையைப் பாருங்கள். வெளியே இணைப்பில் பழுது பார்த்துச் சென்ற பிறகும் ஒருமுறை இப்படிப் பார்த்துக்கொள்வது நல்லது.

மும்முனை இணைப்பே வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு. 230/400 என்று எழுதிய மும்முனை மோட்டாரை டெல்டாவில் (காயில்களை முக்கோணமாக இணைக்கும் முறையில்) கட்டி, ஒருமுனையில் ஊட்டப்படும் வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) வழியாக ஓட்டலாம். மெதுவாகக் கிளம்புவதால் அந்த 90 ஆம்பியர் என்ற பேச்சே எழாது. அதன் வடிகட்டியிலிருந்து எர்த்துக்குக் கொஞ்சம் கசிவு எப்போதும் இருக்குமாதலால், அதற்கென்று தனி வழியும் தயாரிப்பாளர் குறிப்பிடும் வகை ஆர்.சி.சி.பி.யும் (எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும்.

மூன்றாம் பதில் (மரவேலை செய்பவர்):

ஆம்பியர் கணக்கை இருவரும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் எந்திரத்தின் முன்னால் நிற்பவனாகச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

விளக்குகளை எந்திரப் பிளக்குகளோடு ஒரே எம்.சி.பி.யில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். என் பழைய கூடத்தில் அப்படித்தான் இருந்தது. ஒரு மாலை ரவுட்டர் அடைத்துக்கொண்டு எம்.சி.பி. விழுந்தபோது அறை முழுவதும் இருண்டது. பக்கத்தில் டேபிள் சாவின் அலகு மின்சாரம் போன பிறகும் தன் வேகத்திலேயே சுழன்றுகொண்டிருந்தது. அது நிற்கும் ஓசையைக் கேட்கும் வரை, பலகையைப் பிடித்த கை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அசையாமல் நின்றேன். அந்தப் பத்து இருபது நொடிகளை நான் மறக்கவில்லை. அடுத்த நாளே விளக்குக்குத் தனி வழி இழுத்தேன்.

மின்சாரம் போய்த் திரும்பும்போது எந்திரம் தானாகக் கிளம்பக்கூடாது. காயில் உள்ள ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை மீண்டும் அழுத்தினால்தான் ஓடும். சாதாரணச் சுவிட்சில் ஓடும் எந்திரம், சுவிட்ச் போட்டபடியே இருந்தால் மின்சாரம் வந்ததும் ஓடத் தொடங்கிவிடும். உங்கள் பட்டை ரம்பம் எந்த வகை என்று பாருங்கள். 1.5 எச்.பி. எந்திரங்களில் பல சாதாரணச் சுவிட்சோடுதான் வருகின்றன.

தூசி உறிஞ்சியைப் பற்றி ஒன்று. குழாய் அடைத்துக்கொண்டால் அதன் மோட்டார் திணறி அதிக மின்சாரம் எடுக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள், உண்மை நேர்மாறானது. காற்று எவ்வளவு தாராளமாகப் போகிறதோ அவ்வளவு சுமை அந்த விசிறிக்கு. குழாயைக் கழற்றிவிட்டு வாயைத் திறந்து ஓட்டும்போதுதான் அது மிகுதியான ஆம்பியர் எடுக்கும். ஆகவே உறிஞ்சியின் கணக்கைக் குறைத்துப் போடாதீர்கள். நாள் முழுவதும் முழுச்சுமைக்கு அருகில் ஓடும் மோட்டார் உங்கள் கூடத்தில் அது ஒன்றுதான். பிற்காலத்தில் நீங்கள் பெரிதாக்க விரும்பும் எந்திரமும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

பெட்டிகளும் சுவிட்சுகளும் ஐ.பி. 54 தரத்துக்கு (தூசியிலிருந்தும் நீர்த்தெறிப்பிலிருந்தும் காக்கும் உறைத் தரம்) குறையாமல் இருக்கட்டும். சாதாரணப் பிளக்கை ஓராண்டு கழித்துத் திறந்து பாருங்கள்: மாவு போன்ற நுண்தூள் முனைகளைச் சுற்றிப் படிந்து, சூடான இடத்தில் பழுப்பாக வறுபட்டிருக்கும். தீ அங்கிருந்துதான் தொடங்குகிறது. நீட்டிப்புக் கம்பியைச் சுருளில் சுற்றியபடியே வைத்து ரவுட்டர் ஓட்டுவதும் அப்படியே. சுருளுக்குள் வெப்பம் வெளியேற வழியின்றி உறை உருகிவிடும். சுவரில் ஒன்றரை மீட்டருக்கு ஒரு பிளக் வைத்துவிட்டால் அந்தச் சுருளுக்கே வேலை இருக்காது.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று ஒவ்வொரு நேம் பிளேட்டையும் துணியால் துடைத்துப் படித்தேன். ரம்பம் 14.5 ஆம்பியர், பட்டை ரம்பம் 8.2, கம்ப்ரஸர் 11, தூசி உறிஞ்சி 9.8. நண்பர் ஒருவரிடம் கிளாம்ப் மீட்டர் (கம்பியைச் சுற்றிப் பிடித்து ஆம்பியரை அளக்கும் கருவி) வாங்கி உறிஞ்சியை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். வாய் திறந்தபடி 10.3 ஆம்பியர் காட்டியது. குழாயை மாட்டியதும் 8.9, குழாயின் முனையைப் பலகையால் மூடியதும் இன்னும் இறங்கியது. சொன்னது கண்முன் நடந்தது.

ஒருமுனை எந்திரங்களை இப்போதைக்கு மாற்ற இயலாது. ஆனால் இழைப்பு எந்திரத்தை இன்னும் வாங்கவில்லை. மும்முனை இணைப்பை வாங்கி, இருக்கும் ஒருமுனை எந்திரங்களை மூன்று முனைகளுக்கும் பிரித்துக் கொடுத்து, இழைப்பு எந்திரத்தை மட்டும் மும்முனையாக வாங்கினால் சரியாக வருமா?

முதலில் பதில் எழுதியவர்:

நன்றாக வரும், உங்கள் நிலைமைக்கு இதுவே பொருத்தமான வழி. ரம்பம் ஒரு முனையிலும், உறிஞ்சி இன்னொன்றிலும், கம்ப்ரஸர் மூன்றாவதிலும் போகட்டும். பட்டை ரம்பமும் டேபிள் சாவும் சேர்ந்து ஓடாது என்பதால் இரண்டையும் ஒரே முனையில் வைக்கலாம். விளக்குகளை உறிஞ்சியின் முனையில், தனி எம்.சி.பி.யில் கொடுங்கள். ரம்பம் கிளம்பும்போது விளக்கு மங்குவது இதனால் பெருமளவு குறையும். கைக்கருவிப் பிளக்குகளைக் கம்ப்ரஸரின் முனையில் வைத்து, அவற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்கள். இழைப்பு எந்திரத்தை விட்டுப் பார்த்தால் எந்த முனையிலும் 20 ஆம்பியரைத் தாண்டாது. ரம்பத்தின் முனையில் இழைப்பு எந்திரமும் சேர்ந்து ஓடினால்கூட அதே 20க்குள்தான் அடங்கும். எனவே நான்கு துருவ 32 ஆம்பியர் பிரதான எம்.சி.பி. தாராளம். கேபிள், எர்த்தையும் சேர்த்து ஐந்து கம்பிகள் கொண்ட 10 சதுர மி.மீ. செம்பாக இருக்கட்டும். மும்முனை என்பதற்காக 6க்கு இறங்க வேண்டாம். உங்கள் ரம்பம் இன்னும் ஒருமுனை மோட்டார்தான், அது கிளம்பும் 90 ஆம்பியரும் ஒரு முனைக் கம்பியிலும் நியூட்ரலிலும்தான் ஓடப்போகிறது.

இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் அஞ்சுவது நியூட்ரலைத்தான். முனைகளில் சுமை சமமில்லாதபோது நியூட்ரல் கழன்றால், சுமை குறைந்த முனையில் மின்னழுத்தம் 230ஐத் தாண்டி 400ஐ நோக்கி ஏறும். அந்த முனையில் இருக்கும் விளக்குகளும் கருவிகளும் சில நொடிகளில் போய்விடும். நியூட்ரல் கம்பி முனைக் கம்பிகளின் அதே பருமனில் இருக்க வேண்டும். அந்தக் கம்பியின் இரு நுனியிலும் லக் (கம்பி நுனியில் பொருத்தும் உலோகக் காது) அழுத்தி, திருகை இறுக்கி, ஒரு மாதம் கழித்து மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். மின்னழுத்தம் எல்லை மீறினால் துண்டிக்கும் ரிலே ஒன்றையும் பெட்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள். தனிக் கட்டடத்துக்கு எர்த் எப்படி அமைக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் விதி மாறும் விஷயம். அதை உரிமம் பெற்ற மின்பணியாளர் கூடத்தைப் பார்த்து, அளந்து செய்ய வேண்டும்.

குழாய் 50 மி.மீ. உள்விட்டத்தில், அகன்ற வளைவுகளோடு இருக்கட்டும். பக்கத்திலேயே வெறுமையாக இன்னொரு குழாயையும் பதித்து, இரண்டிலும் இழுகயிறு போட்டு வையுங்கள். தரை போடும் நாளில் குழாய்களின் வாய்க்குள் சிமெண்ட் புகாதபடி மூடியிட்டு, மூடியின் மேல் சாக்குத்துணியும் சுற்றிக் கட்டிவிடுங்கள்.